முதலில் பெரியதா, சின்னதா?

மெக்கானிக் படிப்பு வேண்டாம் என்று வாப்பா மறுத்த நாளிலிருந்து ஸுஹைனா அவரோடு பேசுவதில்லை. சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் போய்விடுவாள். அந்த அமைதி தாங்காமலோ என்னவோ, உம்மா கைறுன்னிஸா கணவனிடம் கராஜ் கதை கேட்கத் தொடங்கினாள்.

“அந்தப் புது லொறிக்கு ஏன் ரெண்டு டர்போ? ஒண்டு காணாதா?”

முகைதீன்பாவா சிரித்தார். “இத்தன வருசத்தில இண்டைக்குத்தான் கேக்கிறாய்! சின்னது கெதியாச் சுழண்டு இஞ்சினுக்குக் காத்து ஊதும். பெரிசு பிந்தித்தான் எழும்பும், ஆனா கூடக் காத்துத் தரும். ரெண்டையும் சுத்துறது இஞ்சின் விடுற புகைதான். அது முதல்ல சின்னதுக்குப் போகும், பிறகு பெரிசுக்கு.”

குழம்பு எடுக்க எழுந்து போனவள் திரும்பி வந்தாள்.

“அப்ப காத்து மட்டும் ஏன் பெரிசுக்குள்ளால முதல்ல வருது?”

சோற்றைப் பிசைந்த அவரது விரல்கள் நின்றன. கராஜில் ஒருவரும் இதுவரை கேட்காத கேள்வி அது. மனைவியின் வெறுங்கையைப் பார்த்தார்.

“குழம்பெடுக்கப் போய்க் கேள்வியோட வாறாய். அடுப்படி எந்தப் பக்கமிரிக்கி?”

கைறுன்னிஸா மகளின் அறைத் திரைச்சீலையை ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்படிக்கு நடந்தாள்.

அவர் மகளின் அறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “நாளைக்குப் பெரிசக் கழட்டப்போறன். கேட்ட ஆள் வந்து பாக்கட்டும்.”

திரைச்சீலை அசைந்தது.

“எத்தின மணிக்கு, வாப்பா?”