கீழ்வீட்டுக் குழாய்

“எல்லா வீட்டுக் குழாயும் பார்த்தாச்சுல்ல? கீழ்வீட்டை மட்டும் தொடாதே” என்றார் வீட்டுக்காரர்.

பிளம்பர் ஸ்பேனரும் கையுமாக நின்றான். “அங்கதான் சார் அதிகமா சொட்டுது. ஒரு வாஷர் மாத்தினா போதும்.”

“சொன்னதை மட்டும் செய்.”

கறார் என்று குடித்தனக்காரர்கள் சும்மாவா பேர் வைத்தார்கள்!

வாடகையை ஏற்றக் கூடாது என்று நகரசபை போட்டிருந்த தடை இந்த மாதத்தோடு முடிகிறது. ஒன்றாம் தேதியிலிருந்து எல்லோருக்கும் ஏறும். அதற்காகத்தான் மனுஷர் வீடு வீடாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருக்கும் பிளம்பருக்கே அந்த வேலையைக் கொடுத்திருந்தார்.

கீழ்வீட்டில் இருப்பது தையல்கார அக்கா. புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் வெளியூரில் வேலை தேடி அலைகிறார். அக்காவின் தையலில்தான் அடுப்பு எரிகிறது. அந்த வீட்டுக்கு ஒரு வாஷர் போட மனசில்லை என்றால் இவரெல்லாம் என்ன மனுஷர்?

மத்தியானம் அக்கா சாவி கொடுக்க வந்தாள். இடுப்பில், தைத்து முடித்த யூனிபார்ம் மூட்டை.

“ஸ்கூல்ல குடுத்துட்டு வந்துடறேன் தம்பி. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினைப் பார்க்க ஒருத்தர் வருவார். வந்தா உட்காரச் சொல்லுங்க.”

“எதுக்குக்கா?”

“வித்துடலாம்னுதான். வாடகை ஏறுதில்ல.”

“ஐயோ, அது போனா பாதி வேலை போயிடுமே! கஷ்டப்படறவங்களுக்குச் சலுகை உண்டுன்னு நகரசபையில சொல்றாங்க. ஒரு மனு குடுத்தா என்ன?”

“என் வீட்டுக் கஷ்டத்தை எழுதி ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டணுமா? எல்லாரும் தர்றதை நானும் தருவேன். வீட்டுக்காரர்கிட்டயே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.”

ரோஷக்காரி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பிளம்பருக்குப் பொறுக்கவில்லை. ஏறின வாடகையும் கொடுத்து, சொட்டுகிற குழாயோடும் மாரடிக்க வேண்டுமா? பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

அவன் கை பட்ட குழாய் மறுபடி சொட்டியதாகச் சரித்திரமே கிடையாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவனே அதைச் சொல்வான். புது வாஷரைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினான். குழாய் கப்சிப்.

மனசு குளிர வெளியே வந்தால், வாசலில் கறார்.

“உள்ளே என்ன பண்ணினே?”

“குழாயைச் சரி பண்ணினேன் சார். உங்க காசு ஒண்ணும் வேண்டாம். உங்களுக்கு இரக்கம் இல்லேன்னா எனக்குமா இருக்காது?”

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கெடுத்தியே காரியத்தை! ரிப்பேர் பாக்கி இருக்கிற வீட்டுக்கு வாடகை ஏத்தக் கூடாது. நகரசபை சட்டம்.”

“அப்ப இந்த வீட்டுக்கு உங்களால ஏத்தியிருக்கவே முடியாதே சார்?”

“அதுக்குத்தானே தொடாதேன்னேன்! பழைய வாடகையே போதும்மான்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். ‘எனக்கென்ன தர்மமா?’ன்னு கேட்டு, வேற வீடு பார்க்கவே கிளம்பிட்டா. நான் விட்டுக்கொடுத்தா வாங்க மாட்டா. சட்டம் விடலேன்னா என்ன பண்ணுவா? அதைச் சொல்லத்தான் இப்ப வந்தேன்.”

பிளம்பருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பையைத் தரையில் கவிழ்த்தான். தேய்ந்துபோன பழைய வாஷர் உருண்டு வந்தது.

அக்கா திரும்பி வந்தபோது குழாய் முன்னைப் போலவே சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார்.

அக்கா லேசில் விடுவாளா? “இதென்ன கூத்து! தம்பி, அஞ்சு நிமிஷ வேலைதானே? இப்பவே சரி பண்ணிடுங்க. முழு வாடகையும் தந்துடறேன்.”

வீட்டுக்காரர் பிளம்பரைப் பார்த்தார்.

இதுவரை எந்தக் குழாயிடமும் தோற்காத பிளம்பர் தலையைச் சொறிந்தான்.

“நானும் எவ்வளவோ பார்த்துட்டேன்க்கா. இந்தக் குழாய் மட்டும் என் கைக்கு அடங்க மாட்டேங்குது. மெஷின் வாங்க வர்றவரைத் திருப்பி அனுப்பிடட்டுமா?”