உப்புத் தண்ணீரில் முளைத்தது

“உப்புத் தண்ணியில விதை முளைச்சதை நீ கண்ணால பார்த்தியாம்மா?” பேராசிரியர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“பார்த்தேன் சார்.” மாணவி தன் ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நீங்க கண்டுபிடிச்ச மருந்துல ஊற வச்சு, உங்க கட்டுரையில இருக்கிற மாதிரியே செஞ்சேன். நூத்துக்கு எண்பது முளைச்சுது. உங்களுக்கு வந்த அதே கணக்கு.”

அவருக்கு ரத்தம் கொதித்தது. வாய் கூசாமல் புளுகுகிறாளே! ஒரே ஒரு பொய்க் கணக்குக்காக எத்தனையோ பிள்ளைகளை இதே அறையிலிருந்து அழ அழ வெளியே அனுப்பியவர் அவர்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன சார், முகமே சரியில்ல? எத்தனையோ பேர் செஞ்சு பார்த்துக் கைவிட்ட சோதனை இது. உங்களுக்கு அப்புறம் இந்தப் பொண்ணுக்குத்தான் வந்திருக்கு. சந்தோஷமா பட்டத்தைக் கொடுப்பீங்களா! பொய்னு சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லுங்க. என் கண் முன்னாலயே மறுபடி விதை போட்டுப் பார்த்துடலாம்.”

மாணவியின் கண்கள் பேராசிரியரைக் கெஞ்சின.

வாய் வரை வந்துவிட்ட வார்த்தையை அவர் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினார்.

“சேச்சே! எனக்கென்ன சந்தேகம்? கொடுத்துடலாம்.”

அவள் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அவருக்குப் பேரும் புகழும் வாங்கிக்கொடுத்த அந்தச் சோதனையில், அவர் போட்ட விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை.