உயரமான பட்டை

மனைவியின் மனோதத்துவ ஆய்வுக் கட்டுரையை எட்டிப் பார்த்தவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ‘அறுபது குடும்பங்களில் வீட்டு வேலை’ என்ற கிராஃபில் இரண்டே பட்டைகள். ‘கணவர்’ பட்டை மேலே முட்டியது. ‘மனைவி’ பட்டை தரையோடு கிடந்தது.

உடனே தங்கைக்குப் போன் போட்டார்.

“கேட்டியா? வீட்ல மாடா உழைக்கிறது ஆம்பளைங்கதானாம். உன் அண்ணி ஆராய்ச்சியே சொல்லுது!”

“அவசரப்படாதீங்க,” என்றாள் மனைவி. “எதை அளந்தோம்னு ஓரத்துல எழுத மறந்துட்டேன். கைடு திருப்பி அனுப்பிட்டார்.”

“எழுது, எழுது! நான் வாசிக்கிறேன், தங்கச்சியும் கேட்கட்டும்.”

அவள் டைப் செய்யச் செய்ய, அவர் உரக்க வாசித்தார்: “ஒரு வேலையை முடிக்க... அவரிடம் எத்தனை தடவை... சொல்ல வேண்டியிருக்கிறது...”

குரல் தேய்ந்தது.

போனில் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணா, இன்னொரு தடவை வாசிங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், எங்க வீட்டுக்காரரும் கேட்கட்டும்!”