மூணு இஞ்ச் குறைச்சு

“எனக்குப் பட்டு வேட்டியே போதும்டா,” என்றார் அப்பா, மூன்றாவது தடவையாக.

“வேட்டி வேண்டாம்ப்பா. ஷெர்வானிதான்,” என்றான் கல்யாண மாப்பிள்ளை, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

“அதைப் போட்டா ராஜா வேஷம் கட்டின மாதிரி இருப்பேன். மேடையில உன்னைப் பார்ப்பாங்களா, என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களா?”

“சிரிக்கட்டும். நீங்க போட்டுக்கப் போறீங்க, அவ்வளவுதான்.”

கழுத்தில் டேப்போடு நின்றிருந்த டெய்லர் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கல்யாண உடுப்புத் தைத்தே முப்பது வருஷம் ஓட்டியவர். இந்த மாதிரிப் பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! போட்டோ நன்றாக விழ வேண்டும் என்பதற்காகப் பெற்ற அப்பனையும் மேடை அலங்காரத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

“கையைத் தளர்த்தி விடுங்க சார். மூச்சைப் பிடிக்காதீங்க. மார்பு நாற்பத்திரண்டு.”

“கொஞ்சம் லூசாவே தைங்க மாஸ்டர். நான் நல்லா சாப்பிடுற ஆளு. வயிறு முட்டச் சாப்பிட்டு உட்கார்ந்தா மூச்சு விடணுமில்ல?”

மாஸ்டர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

“துணி கனமா இருக்கட்டும் மாஸ்டர். தோளுக்குள்ள பேட் வைங்க. காலரை நல்லா உசத்திடுங்க, கழுத்தே வெளியே தெரியக் கூடாது.”

“டேய், உள்ளேயே வெந்து போயிடுவேன்டா!”

“ஏசி மண்டபம்ப்பா.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான் பார் என்று மாஸ்டர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார். “சரி சார், அடுத்த மாசம் ஒரு தடவை ட்ரையல் பார்க்க வந்துடுங்க” என்றார் பெரியவரிடம்.

“ட்ரையல் எல்லாம் வேண்டாம்,” என்று வெட்டினான் மகன். “அப்பா, நீங்க போய் வாசல்ல உட்காருங்க. நான் என் அளவைக் கொடுத்துட்டு வரேன்.”

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். மகன் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“மாஸ்டர், அப்பாவுக்கு நாற்பத்திரண்டு வேண்டாம். மூணு இஞ்ச் குறைச்சு வெட்டுங்க. தோளையும் அதுக்குத் தகுந்த மாதிரி.”

மாஸ்டருக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“ஏன் தம்பி, கல்யாணத்தன்னிக்குப் பட்டன் தெறிச்சு உங்கப்பா நாலு பேர் முன்னாடி அசிங்கப்படணுமா? அவர் வாய்விட்டு லூசாக் கேட்கிறார், நீங்க இறுக்கித் தைக்கச் சொல்றீங்க. போட்டோவுல ஒல்லியாத் தெரியணும்னா அதுக்கு வேற டெய்லரைப் பாருங்க!”

அவன் கோபப்படவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“அவருக்கு வயித்துல கட்டி மாஸ்டர். கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள எவ்வளவு இளைச்சுப் போவார்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கேன். தேதியை முன்னாடி இழுத்தா ஏன்டான்னு கேட்பார்.”

மாஸ்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை.

“அப்படின்னா... இப்போ பெருசாவே தைச்சு வெச்சுட்டு, அப்புறமா பிடிச்சுத் தரேனே தம்பி?”

“பிடிக்கணும்னா அவரை மறுபடியும் அளக்கணுமே. நாற்பத்திரண்டு முப்பத்தொன்பது ஆனதை அவர் காதுபட எப்படிச் சொல்வீங்க?” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “வேட்டின்னா இடுப்புல நிக்காது மாஸ்டர். கழுத்தெலும்பெல்லாம் வெளியே தெரியும். வந்தவங்க ஒருத்தர்கூட அவரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’னு சொல்லிடக் கூடாது. அன்னிக்கு ஒரு நாளாவது அவர் நல்லா இருக்கணும்.”

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டான். வாசலுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மாஸ்டருக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அளவு நோட்டில் நாற்பத்திரண்டை அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று எழுதினார்.

“அழாதீங்க தம்பி. கச்சிதமா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் தெருவைத் தாண்டியதுதான் தாமதம், அப்பா உள்ளே வந்தார். மெதுவாகத்தான் வந்தார், மேஜையைப் பிடித்தபடி.

“எவ்வளவு குறைக்கச் சொன்னான் மாஸ்டர்?”

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எ... எதை சார்? தம்பி ஒண்ணும் சொல்லலையே!”

“உங்களுக்குப் பொய் சொல்ல வரலை, விடுங்க. நீங்க டேப்பை என் நெஞ்சைச் சுத்திப் பிடிச்சப்போ நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டா, மூணா?”

“மூணு சார்,” என்றார் மாஸ்டர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“பாவம், குழந்தைக்கு அவ்வளவுதான் தெரியும். டாக்டர்கிட்ட அவனுக்கு முன்னாடியே நான் போயிட்டேன். ‘கல்யாணம் முடியற வரைக்கும் பையன்கிட்ட பாதியை மட்டும் சொல்லுங்க’ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்.”

வெளியே கார் ஹாரன் கேட்டது. “வந்துட்டேன்டா!” என்று வாசலைப் பார்த்து உற்சாகமாகக் குரல் கொடுத்துவிட்டு, அவர் மாஸ்டரின் பக்கம் குனிந்தார்.

“அஞ்சா எழுதிக்குங்க மாஸ்டர். அன்னிக்கு அவன் பக்கத்துல நிக்கிற பொண்ணைப் பார்க்கணும். தொளதொளன்னு நிக்கிற என்னைப் பார்த்துக்கிட்டிருக்கக் கூடாது.”