அரிசி மண்டிக்காரர்

நாலாம் நம்பர் டோக்கன் இன்பராஜ் கையில் இருக்க, உள்ளே போய்க்கொண்டிருந்தது ஒன்பது.

"நான் நாலும்மா" என்று எழுந்தார்.

"உக்காருங்க, கூப்பிடறேன்" என்றாள் தேவிகா, கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

மோப்பம் பிடித்துவிட்டாள் என்று இன்பராஜுக்குப் புரிந்துவிட்டது.

இத்தனைக்கும் இரண்டு தடவை குளித்து, அரை டப்பா பவுடர் கொட்டி, பக்கத்து வீட்டு மக்பூல் பாயிடம் கேட்டு அத்தர் வேறு தடவிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷமாக டிரம்மிலிருந்து தோல் இழுக்கிறவர் என்று யார் சொல்லுவார்கள்? டாக்டரிடமே அரிசி மண்டி என்றுதான் சொல்லியிருந்தார்.

முன்பு வேறொரு டாக்டரிடம் உண்மையைச் சொன்னபோது, அவர் நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளிக்கொண்டு, தொடாமலே சீட்டு எழுதினார்.

இந்த டாக்டர் தொட்டுத்தான் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் குழிகுழியாகப் புண். அரிசித் தூசு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றார். இன்பராஜ் ஜாக்கிரதைப் பேர்வழி, சோற்றையே விட்டார். ஆம்பூரில் இருந்துகொண்டு ஆறு மாசமாக பிரியாணிக் கடையை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு போகிற ஒரே ஆள் அவர்தான்.

புண் ஆறவில்லை. இப்போது வலது கை மடங்கவும் மறுத்தது. கை மடங்காதவனை ஷாப்பில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்?

பத்து போனது, பதினொன்று போனது. மனுஷனுக்கு மனுஷன் சமம் என்று மனசுக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்தார். நல்ல பிரசங்கம். வாய்தான் திறக்கவில்லை.

கடைசி ஆளும் போன பிறகு தேவிகா கூப்பிட்டாள். கூடவே உள்ளே வந்து டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"சார், இவரு தோல் ஷாப்புல வேலை."

இன்பராஜுக்கு மானமே போயிற்று.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் பதனிடுகிற குரோம் உப்பு தின்ற கைக்கு ஆறு மாசமாக அரிசி வைத்தியம் பார்த்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். இப்போதாவது தெரிந்ததே, கையைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

வெளியே வந்தும் இன்பராஜுக்கு மனசு ஆறவில்லை. "இன்னாம்மா, நாத்தத்த வெச்சித்தான கண்டுபிடிச்ச?"

"இல்லண்ணா. டோக்கன் வாங்கறப்போ கைய பாத்தேன். நாலு பேர் காதுல விழ வேணாம்னுதான் கடைசில கூப்ட்டேன்."

தேவிகா நோட்டை மூடி வைத்தாள்.

"எங்கப்பாவுக்கும் இதே கைதான். டாக்டருங்ககிட்டல்லாம் வளையல் கடைன்னுதான் சொல்வாரு. நாங்களும் ஆமான்னு தலையாட்டுவோம். சாவற வரைக்கும் வளையல் கடைக்காரருக்குத்தான் வைத்தியம் நடந்துச்சி."