ஓடிய ஒரே பஸ்

“மகராசனா இருப்பிய மொதலாளி! மூணு நாளா பஸ் இல்லாம தவிச்சுப் போனோம்” என்று கும்பிட்டாள் பிச்சம்மாள்.

ஆறுமுகநயினாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏரலில் முதலாளியே தோளில் டிக்கெட் பையோடு நின்றார். விசில் ஊத வராது, பை மாட்ட மட்டும் வந்தது. டிரைவர் சீட்டில் அவருடைய மச்சினன் காசிலிங்கம்.

டிரைவரே டிக்கெட்டும் கிழிக்கட்டும் என்று பத்து கண்டக்டர்களை அவர் வேலையைவிட்டு நீக்கியிருந்தார். அவர்களுடைய பேட்ஜ் நம்பர் தெரியும், ஒருத்தன் பெயரும் தெரியாது. உடனே மற்றவர்களும் வண்டியை நிறுத்திவிட்டு, அவர்களோடு தூத்துக்குடி ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“அத்தான், கூப்ட்டுப் பேசிரலாம்லா?” என்றான் காசிலிங்கம்.

“போடே! புதுத் துறைமுகம் வந்தபொறவு தூத்துக்குடில ஒரு சாப்பாடு என்ன வெல விக்கி தெரியுமா? மூணு நாளா பச்சத்தண்ணிதான் குடிக்கானுவ. இன்னைக்குப் பொழுதடையதுக்குள்ள எங்கால்ல வந்து விழுவானுவ பாரு, நாய்ப் பயலுவ!”

பிச்சம்மாளோடு இருபது பெண்கள், ஆளுக்கொரு ஓலைப்பெட்டியும் தூக்குவாளியுமாக ஏறினார்கள். பஸ் நிறைந்து ஓடினால் போராட்டம் புஸ்ஸென்று போய்விடுமே! முதலாளி தாமே ஒரு தூக்குவாளியை வாங்கி ஏற்றினார். கை சுட்டது.

“என்னளா, இந்தக் கொதி கொதிக்கி?”

“இப்பந்தான் வடிச்ச சோறு மொதலாளி.”

“துறைமுகத்துல விக்கவா? அப்படித்தான் ஒழச்சுப் பொழைக்கணும். ஒக்காந்து கொடி புடிக்கானுவளே, அவனுவளுக்கு ஒங்க புத்தி இல்லியே!”

பிச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டார் மனிதர்.

வழியில் ஒருத்தியும் இறங்கவில்லை. தூத்துக்குடிக்குள் நுழைந்ததும் முதலாளிக்கு ஆசை பொங்கியது.

“மாப்ளே, நம்ம ஷெட் வாசல்ல நிப்பாட்டு. நெறஞ்ச பஸ்ஸ அந்தப் பயலுவ கண்ணாரப் பாக்கட்டும்.”

பார்த்தார்கள். சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பஸ் நின்றதும் இருபது பெண்களும் மளமளவென்று அங்கேயே இறங்கினார்கள். வேலை போன கண்டக்டர் மாசானத்தின் முன்னால் இலையைப் போட்டுச் சோற்றை அள்ளி வைத்தாள், அவன் பெண்டாட்டி பிச்சம்மாள்.

பிறகு திரும்பி முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

“சாயங்காலமும் சோறு கொண்டாரணும். வண்டிய நிப்பாட்டிராதிய மொதலாளி!”