பொடி மீன் எங்கே?

மீன்வளத் துறைக்குப் புதிதாக வந்த அந்த இளம்பெண், ஆறு மாதமாகத் துறைமுகத்தில் நின்று விசைப்படகு முதலாளியின் மீன்களை ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டாள். அவள் வருவதற்குள் அவர் பொடி மீன்களையெல்லாம் ஒளித்துவிட்டு, பெரிய மீன்களை மட்டும் பரப்பி வைப்பார்.

"அளக்கத் தெரியுது, விவரம் பத்தல," என்று தன் ஆட்களிடம் சிரிப்பார்.

மீன்வளம் குறைவது பற்றித் துறை நடத்திய விசாரணை நாளன்று அதிகாரிகள் முன்னால் அவள் எழுந்தாள். "இவர் காட்டினதுல இளசு ஒண்ணுகூட இல்லைங்க. இது நிஜம்னா மீன் பெருகுறதே நின்னுபோச்சு. மூணு வருஷம் யாரும் இங்க வலை போடக் கூடாது."

முதலாளி பதறிப்போனார். "ஐயோ, பொடி மீன் கூடை கூடையா விழுதும்மா! நான்தான் ஒளிச்சு வெச்சேன்!"

"எந்த வலையில விழுது?"

பொடி மீனை அள்ளும் சிறுகண்ணி வலைக்குத் தடை இருந்தது. அதிகாரிகள் அங்கேயே முதலாளியின் லைசென்ஸை ரத்து செய்தார்கள்.

வெளியே வந்து முதலாளி அவளிடம் கெஞ்சினார். "உனக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்?"

"எனக்கில்லீங்க. சிறுகண்ணி வலை வெச்சிருக்கார்னு பொய்ப் புகார் கொடுத்து, ஒருத்தரைக் கடலுக்கே போகவிடாம பண்ணீங்களே? அவர் பொண்ணு நான்."